பலாப்பழத்தின் அப்பா

ஜூலை 6, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத? இன்று காலை ஹேமா குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் செல்போனை எடுத்து, நான் பேசிய வீடியோவுக்கு நானே லைக் போட்டேன். லைக்கோடு விட்டேனா என்றால் அதுதான் இல்லை. 'சார், குடும்பத்தோடு பார்த்தோம், வயிறு வலிக்கச் சிரித்தோம்' என்று கீழே ஒரு கமெண்ட்டும் எழுதினேன், என் பெண்டாட்டியின் பெயரில். எனக்கு வயது ஐம்பத்தொன்று. தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, சனி ஞாயிறுகளில் பட்டிமன்றப் பேச்சு. 'சிரிப்புச் செம்மல்' என்று பட்டம் வேறு. பட்டத்தோடு போர்த்திய பொன்னாடை இப்போது எங்கள் வீட்டு மிக்ஸிக்கு உறை.

குளித்துவிட்டு வந்தவள் போனைப் பார்த்தாள்.

"என் பேர்ல யாரு வயிறு வலிக்கச் சிரிச்சது?"

"உனக்குள்ள ஒரு ரசிகை இருக்கா ஹேமா. அவதான்."

சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி என்று மேடையில் சொல்வேன், அதற்கும் கைதட்டல் விழும். "தர்ஷினியும் அதப் பாத்துட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போனாள்.

பார்க்கட்டுமே! மூன்று லட்சம் பேர் பார்த்ததை, அதன் கதாநாயகியான என் மகள் பார்க்கக் கூடாதா?

ஏழெட்டு வருஷமாகச் சொல்லும் ஜோக்தான். போன மாதம் சேலையூரில் சொன்னதைக் குமரவேல் படம் பிடித்துத் தன் யூடியூப் சேனலில் போட்டான், அது பிடித்துக்கொண்டது. வயதானபின் படித்துச் சிரிக்க இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"என் பொண்ணு ரெண்டாங் கிளாஸ். ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி. எல்லா அப்பனும் பிள்ளைய டாக்டர், போலீஸ், கலெக்டர்னு அனுப்புறான். நம்ம வசதிக்கு பலாப்பழம். பச்சை வெல்வெட்டுல வேர்க்கடலை ஓட்ட ஒட்டி, அதான் முள்ளு. மேடை ஏறுச்சு. 'நான்தான் பலாப்பழம்'னு ஆரம்பிச்சுது. அவ்ளோதான், மறந்துபோச்சு! கூட்டத்துல என் மூஞ்சியத் தேடுது. கண்டுபிடிச்சுது. 'அப்பா, என்னை வெட்டிடாதீங்கப்பா'ன்னு ஒரே கத்து. கீழ பாத்தா மேடையெல்லாம் ஈரம். பக்கத்துல இருந்த அம்மா என்னைக் கேக்குறாங்க — 'ஏன் சார், உங்க பழம் வெட்டறதுக்கு முன்னாடியே ஜூஸ் விடுது?'"

இந்த இடத்தில் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டம் அடங்க நேரமாகும்.

ஜூலை 8, செவ்வாய்

தர்ஷினிக்கு வயிற்று வலி. பள்ளிக்கூடம் போகவில்லை. ஓமத் தண்ணீர்.

ஜூலை 14, திங்கள்

மறுபடி வயிறு. வேன் வந்து ஹாரன் அடித்தால் வலி உச்சத்துக்குப் போகிறது, வேன் கிளம்பிப் போனால் வலியும் அதில் ஏறிப் போய்விடுகிறது. 'என் பொண்ணு வயித்துக்கும் வேன் ஹாரனுக்கும் ஒரே ஒயரிங்.' மேடைக்கு ஆகும்.

மாடி வீட்டு ஸ்டெபினைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. பேங்க் ஆபீசர். அவர் பெண் ஜோசலினும் தர்ஷினியும் ஒரே பத்தாம் வகுப்பு. பப்ளிக் பரீட்சை வருஷமாம், அதனால் அந்தப் பெண்ணின் படிக்கிற மேஜைக்கு மேலே கேமரா மாட்டியிருக்கிறார். பல்லாவரத்தில் பேங்க்கில் உட்கார்ந்தபடியே போனில் பார்க்கிறார். பார்ப்பதோடு நிற்கவில்லை, அந்தக் கேமரா பேசவும் செய்யும். சாயங்காலம் எங்கள் கூரைக்கு மேலிருந்து ஆண்டவர் குரல் மாதிரி இறங்குகிறது: "ஜோசி, பேனா மூடியக் கடிக்காதே. ஜோசி, நிமிந்து ஒக்காரு."

ஹேமாவிடம் நடித்துக் காட்டினேன். "பாவம் அந்தப் புள்ள," என்றாள்.

நானெல்லாம் தர்ஷினியை ஒரு அடி அடித்ததில்லை. ரேங்க் கேட்டதில்லை. சிநேகிதன் மாதிரி. எங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம்தான் கேட்கும். (என்னுடையது. இருந்தாலும் சத்தம் சத்தம்தானே.)

ஜூலை 22, செவ்வாய்

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கேன் எடுத்தோம். குடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பாடப்புத்தகப் படம் மாதிரி இருக்கிறதாம். டாக்டர் தர்ஷினியைப் பார்த்து, "ஸ்கூல்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்டார்.

"ஸ்கூலே பிரச்சனைதான் டாக்டர்!" என்றேன் நான்.

டாக்டர் நன்றாகச் சிரித்தார். நல்ல ரசனையுள்ளவர். தர்ஷினி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஊரப்பாக்கத்தில் பட்டிமன்றம். தலைப்பு: 'இன்றைய பிள்ளைகளைக் கெடுப்பது பெற்றோரின் கண்டிப்பா, செல்லமா?' நடுவர் வழக்கம் போல வேதசிரோமணி ஐயா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தீர்ப்பைப் பேச்சுக்கு முன்பே எழுதிக்கொண்டு வந்துவிடுவார். நான் 'கண்டிப்பே' அணி. ஸ்டெபினின் கேமராவை எடுத்து விட்டேன், பெயர் சொல்லாமல். அப்புறம் வேன் ஹாரன் வயிறு. அப்புறம் கடைசியாகப் பலாப்பழம். பெரியவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு என் ராசி டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டேன். சின்ன எவர்சில்வர் டப்பா, கிளிப் போய்விட்டது, ரப்பர் பேண்ட்தான் மூடியைப் பிடித்திருக்கிறது. எந்த ஊர் மேடைக்கும் அது இல்லாமல் போனதில்லை. ஒரே ஒருமுறை மறந்துவிட்டுப் போனேன், செங்கல்பட்டில் கரண்ட் போய்விட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

போன வாரம் தர்ஷினி ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்று வகுப்பாசிரியை பியூலா மிஸ் போன் செய்தார். போனாலும் கடைசி பெஞ்சாம். வாய் திறப்பதில்லையாம். தமிழ்ப் பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்றுகொண்டே இருக்கிறாளாம், உட்காரச் சொல்லும் வரை.

"போன வருஷமெல்லாம் அவதான் சார் வாசிப்பா. பேச்சுப் போட்டிக்கெல்லாம் நான் அவளைத்தான் அனுப்புவேன்."

"அப்பன் ரத்தம் மிஸ்," என்றேன்.

"நீங்களும் மேடமும் ஒரு தடவை நேர்ல வர முடியுமா சார்?"

ஆகஸ்ட் 13, புதன்

போனோம்.

வகுப்பில் அவளுக்குப் 'பழம்' என்று பெயர். கரும்பலகைக்கு எழுந்து போனால் பின்னால் இருந்து அறுக்கிற சத்தம், கர்ர் கர்ர் என்று. ஜூன் கடைசியில், பலாப்பழ சீசனில், யாரோ அவள் உட்காரும் இடத்தில் பலாக்கொட்டையை வைத்து, பாட்டில் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறார்கள். அவள் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க ஈரப் பாவாடையோடு எழுந்திருக்காமலே இருந்தாளாம், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட.

எனக்கு ரத்தம் கொதித்தது. "எந்தப் பசங்க மிஸ்? பேரைச் சொல்லுங்க. அவனுங்க அப்பன்கிட்ட நான் பேசுறேன்."

பியூலா மிஸ் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். "எல்லார் போன்லயும் அந்த வீடியோ இருக்கு சார்."

"எந்த வீடியோ?"

"உங்க வீடியோதான் சார்."

நான் சிரித்தேன். பழக்கம். யாராவது 'உங்க வீடியோ' என்றால் வாய் தானாகக் கோணிக்கொண்டு சிரிக்கிறது. ஹேமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

வெளியே வரும்போது ஆபீஸ் கிளார்க் ஓடிவந்து, "பலாப்பழம் சார்தானே?" என்று கேட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார். நின்றேன். தோளில் கைகூடப் போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹேமாவிடம், "சின்ன வயசுல நடந்த ஒண்ணு, அதப் போயி இவ்ளோ பெருசு பண்ணுதுங்களே," என்றேன்.

"அது அப்படி இல்லைங்க," என்றாள்.

தாய்ப்பாசம். பெற்ற பிள்ளை மேடையில் அப்படிச் செய்தது என்று எந்த அம்மாதான் ஒப்புக்கொள்வாள்? நான் விட்டுவிட்டேன்.

ஆனால் என்னைச் சொல்கிறார்களே — நான் என்ன, திட்டினேனா? அடிச்சேனா? பாசத்துலதானேய்யா சொல்றேன். உலகத்துல எத்தனை அப்பன் பெத்த பொண்ணைப் பத்தி வாயத் திறந்து பேசுறான்? நான் பேசுறேன். அது தப்பா? ஊரு பசங்க கெட்டுக் கிடந்தா அதுக்கும் நான்தானா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. அவள் அறைக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். "மாண்புமிகு மகளே! குற்றவாளி வந்திருக்கிறேன்!"

"அப்பா, சும்மா பேசுங்களேன்."

பேசுங்களேன். பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அப்பா நீ வா, அப்பா நீ போ. இன்று ஸ்டெபினுக்குக் கொடுக்கிற மரியாதையை எனக்கும் கொடுத்துவிட்டாள்.

"சும்மாதானேம்மா பேசுறேன்."

"இல்ல. பின்னாடி யாரோ ஒக்காந்து கேக்குற மாதிரியே பேசுறீங்க. எப்பவும்."

நான் திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். கதவும் ஹேங்கரும்தான் இருந்தன.

சரி, சாதாரணமாகப் பேசுவோம் என்று மூச்சை இழுத்து, "கஷ்டமா இருக்காம்மா?" என்றேன். சீரியல் அப்பா மாதிரி வந்தது. இன்னொரு முறை சொன்னேன். சீரியல் அப்பா செத்துப்போகிற எபிசோடு மாதிரி வந்தது. அவள் போர்வையை இழுத்துத் தலை வரை மூடிக்கொண்டாள்.

எனக்கு இருப்பதே இந்த இரண்டு குரல்தானா?

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று மாடம்பாக்கத்தில் கூட்டம். பலாப்பழம் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். ஸ்கூட்டரில் போகும்போது ஹேமாவிடம் சத்தியமும் பண்ணினேன்.

பேசி முடித்து உட்காரப் போகிறேன், வேதசிரோமணி ஐயா நடுவர் மேஜையில் இருந்து மைக்கில், "என்ன தம்பி, பழத்தை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார். முன்வரிசையில் ஒருவர், "பலாப்பழம்!" என்றார். பின்வரிசை பிடித்துக்கொண்டது. பலாப்பழம்! பலாப்பழம்! சின்னக் குழந்தைகள் நாற்காலியில் ஏறி நின்று கத்தின. ஹேமா மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

சொன்னேன்.

நன்றாகச் சொன்னேன் வேறு. 'கண்டுபிடிச்சுது' என்ற இடத்தில் புதிதாக ஒரு கண் சிமிட்டல் சேர்த்தேன்.

ஹேமா பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மேடைக்குப் பின்னால் டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசை. இறங்கியது. முழுசும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மேற்குத் தாம்பரத்தில் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒரு அம்மா. பியூலா மிஸ் சொல்லி அனுப்பினார். முதலில் தர்ஷினியோடு கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் பேசினார்கள். அப்புறம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நான் நாற்காலியில் உட்காரும்போதே ஒரு ஜோக் தயார் பண்ணிவிட்டேன், அந்த அம்மா இடமே கொடுக்கவில்லை.

"சார், உங்க பொண்ணப் பத்தி ஒரு விஷயம் சொல்லுங்க. எது வேணாலும். ஆனா யாருக்கும் சிரிப்பு வரக் கூடாது."

இதென்ன பிரமாதம் என்று வாயைத் திறந்தேன். வேன் ஹாரன் வந்தது. தள்ளினேன். எல்.கே.ஜி.யில் பொடிமாஸ் வேண்டும் என்று பிரின்ஸிபாலிடம் அழுதது வந்தது. தள்ளினேன். சைக்கிளைக் கோழி மேல் விட்டது வந்தது. தள்ளினேன். தள்ளத் தள்ள ஒன்றும் மிச்சமில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஸ்கேன் அன்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதே மாதிரி நானும் ஃபேனைப் பார்த்தேன்.

"மேடம், நீங்க?"

ஹேமா சொல்லிக்கொண்டே போனாள். ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரிப்பாள். அப்பளத்தைக் கடைசிக் கவளத்துக்கு என்று ஒதுக்கிவைப்பாள். ரயிலில் போனால் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் உதட்டுக்குள் படிப்பாள். மழை வந்தால் முதலில் மாடி வீட்டுத் துணியைத்தான் எடுப்பாள். பேனாவில் மை தீர்ந்தால் தூக்கிப் போட மனசு வராமல் டப்பாவில் சேர்த்துவைக்கிறாள்.

இதெல்லாம் எந்த வீட்டில் நடக்கிறது? என் வீட்டிலா?

செப்டம்பர் 19, வெள்ளி

காலாண்டுப் பரீட்சை. தமிழுக்குப் போகவில்லை. இங்கிலீஷுக்குப் போய், பாதியில் வந்துவிட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர் டேங்க் பக்கம் தர்ஷினியும் ஜோசலினும். கேமரா எட்டாத ஒரே இடம் அதுதான். ஜோசலின் துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கியிருந்தாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. பேனா மூடியைக் கடிக்கக் கூடாது என்றதும் முடியைப் பிய்க்க ஆரம்பித்தாளாம். கை தலையில் இருந்தால் கேமராவுக்கு யோசிக்கிற மாதிரி தெரியுமாம். இதை அவளே தர்ஷினியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஊரப்பாக்கத்தில் அந்தக் கேமராவை வைத்து எவ்வளவு கைதட்டல் வாங்கினேன்!

தர்ஷினி அவளைச் சிரிக்கவைக்க எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைக் குரலில் ஆரம்பித்தாள்:

"நான்தான் பலாப்பழம். முக்கனியில் நடுக்கனி. முள்ளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். என்னை மரத்தின் அடியிலும் காணலாம், நுனியிலும் காணலாம். ஒரு பழம் போதும், ஒரு தெருவே சாப்பிடலாம். நன்றி, வணக்கம்."

ஒரு சொல் தடுக்கவில்லை. ஜோசலின் கை தட்டினாள். தர்ஷினி குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று.

மறந்துபோன வசனத்தைப் பின்னால் வீம்புக்காக மனப்பாடம் பண்ணியிருக்கிறாள் போல. துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

குமரவேலைப் பார்க்கக் குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் அவன் கடைக்குப் போனேன். வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன்.

"இன்னாண்ணா நீ! ஓடிக்கினு கீற வண்டிய நிறுத்த சொல்ற? மூணு லட்சம் இப்ப அஞ்சாயிடுச்சு."

"பொண்ணு ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குதுப்பா."

"அய்ய, அது எத்தினி ஸ்டேட்டஸ்ல போயி, எத்தினி குரூப்புல சுத்திக்கினு கீது. நான் எடுத்தா மட்டும் போயிடுமா? பேஜார் பண்ணாதண்ணா, டீ சாப்புடு."

டீ சாப்பிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எந்த மேடைக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று வேதசிரோமணி ஐயாவிடம் சொன்னேன். வீட்டில் மூன்று பேரும் டி.வி. பார்த்தோம். டி.வி.யில் பட்டிமன்றம். ஹேமா சேனலை மாற்றினாள்.

நவம்பர் 2, ஞாயிறு

குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டமாம். சிறப்புரை நானாம்! தலைப்பு 'சிரிக்கச் சிரிக்கக் குழந்தை வளர்ப்பு'. ஹெச்.எம். கேட்கச் சொன்னதாக பியூலா மிஸ் சொன்னார், சொல்லும்போதே குரல் கூசியது. "நீங்க முடியாதுன்னு சொல்லிடுங்க சார், நான் சமாளிச்சுக்கறேன்."

தர்ஷினியிடம் கேட்டேன். நின்றுகொண்டு கேட்காதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள் என்று ஆலோசகர் அம்மா சொல்லியிருந்தார். உட்கார்ந்து கேட்டேன்.

"போங்க. போயி, அது பொய்னு சொல்லுங்க."

"எதும்மா?"

"பலாப்பழம். நான் மறக்கல, அழல, அந்த மாதிரி எதுவும் பண்ணல. அத மட்டும் மைக்குல சொல்லுங்க. நான் ஸ்கூலுக்குப் போறேன்."

"சொன்னா போவியா?"

"போறேன்னு சொன்னேன்ல."

ஹேமா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவ சொல்றத மட்டும் சொல்லிட்டு இறங்குங்க. உங்க கையிலேர்ந்து எதையும் சேக்காதீங்க," என்றாள்.

சரி. பெற்ற பெண்ணுக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா? நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. இன்சூரன்ஸ்காரனுக்கு இது புதுசா?

நவம்பர் 15, சனி

நேற்று பேசினேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு போகவில்லை. பயமாகத்தான் இருந்தது. பந்தல் நிறையக் கூட்டம். பின்னால் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் தர்ஷினி நிற்கிறாள், பக்கத்தில் ஜோசலின். 'சிரிப்புச் செம்மல்' என்று சொல்லும்போதே முன்வரிசையில் இரண்டு அப்பாக்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். பலாப்பழம்னு நான் சொல்ற கதை பொய். என் பொண்ணு எதையும் மறக்கல. அழல. நான் கதை கட்டினேன்."

கொல்லென்று சிரிப்பு.

"இல்ல, நிஜமாச் சொல்றேன். அது ஜோக் இல்ல. அது பொய்."

இன்னும் பெரிய சிரிப்பு. ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், விசில் அடித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜ அழுகை, சளியோடு. "நடிப்பப் பாருடா!" என்று யாரோ கத்தினார்கள். ஹெச்.எம். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு பேரில் பியூலா மிஸ் ஒருவர்தான் சிரிக்கவில்லை. நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். என் வாழ்நாளிலேயே பெரிய கைதட்டல் அதுதான்.

ஒரு பொன்னாடை கொடுத்தார்கள். மிக்ஸிக்கு மாற்று உறை.

தர்ஷினி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்: "யாருமே நம்பல இல்ல?"

"இல்லம்மா."

"எனக்கும் அப்டித்தான். நான் பண்ணல பண்ணலன்னு ஜூன்லேர்ந்து சொல்லிக்கினே இருந்தேன். சொல்லச் சொல்ல சிரிச்சாங்க."

பாவம், சொல்லிச் சொல்லித் தன் பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். சிக்னல் விழுந்தது.

வீட்டுக்கு வருவதற்குள், யாரோ எடுத்து அனுப்பியதைக் குமரவேல் சேனலில் போட்டுவிட்டான். 'பலாப்பழம் பார்ட் டூ — அழுதுகொண்டே சிரிக்கவைத்த செம்மல்'.

நவம்பர் 17, திங்கள்

போனாள். கூட்டம் நம்பவில்லை, அவள் மட்டும் வாக்கைக் காப்பாற்றினாள்.

நான்தான் கொண்டுபோய் விட்டேன். கேட்டுக்குள்ளிருந்து கர்ர் கர்ர் சத்தம். இந்த முறை எனக்கு. "சார், பார்ட் த்ரீ எப்போ?" என்று ஒரு குரல். ஏதாவது பதில் அடித்திருக்கலாம், நாக்கு நுனியில் நல்லதாக ஒன்று நின்றது. விழுங்கினேன்.

"நீங்க கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்," என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

போன வாரம் மூன்று நாள் போனாள். இரண்டு நாள் வயிறு. அட்டெண்டன்ஸ் குறையும்தான், மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் வைத்துப் பேசிப் பார்க்கிறேன் என்கிறார் பியூலா மிஸ். முதல் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார். இன்னும் வாசிப்பதில்லை.

ஸ்டெபின் கேமராவைக் கழற்றவில்லை. ஜோசலினுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

நவம்பர் 30, ஞாயிறு

வேதசிரோமணி ஐயா விடாமல் போன் செய்கிறார். பார்ட் டூ-வுக்குப் பிறகு ஊர் ஊராகக் கேட்கிறார்களாம். "அந்த அழுகைய மட்டும் விட்டுடாதீங்க தம்பி." முடியாது என்றேன். இனிமேல் முடியாது என்றேன். நம்பாமல் சிரித்தார்.

"போறதில்லைன்னா அந்த டப்பா எதுக்குங்க மேல கெடக்குது? கழுவிப் பரண்ல போடுங்க," என்றாள் ஹேமா.

எத்தனை மேடைக்குப் பின்னால் திறந்து சாப்பிட்ட டப்பா. கழுவியதெல்லாம் அவள்தான், இன்றுதான் முதல்முறையாக நான் தேய்க்கிறேன். சபீனா போட்டு அடியைத் தேய்த்தபோது விரலில் எழுத்து தட்டியது. புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

மாறுவேடப் போட்டி 2017. இரண்டாம் பரிசு. க. தேவதர்ஷினி.

தண்ணீரை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தேன் போல. ஹேமா வந்து குழாயை மூடினாள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முழுசாச் சொன்னா. ஒரு வார்த்த விடல. இறங்கி வந்து தண்ணி குடிக்கறப்போ டிரெஸ் மேல கொட்டிக்கிட்டா. வெல்வெட்டெல்லாம் ஈரமாயிடுச்சுன்னு உங்களுக்குப் போன்ல சொன்னேன். அதத்தான் நீங்க…" துணி காயப்போடப் போய்விட்டாள்.

போனில் சொன்னாள். ஆமாம், போனில்தான் சொன்னாள். கூட்டத்தில் என் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தது என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறேனே —

அன்று நான் திண்டிவனத்தில் இருந்தேன்.